கிரெடிட் கார்டு பாக்கியை மாற்றி லாபம் பார்த்தவர்கள் உண்டா? தர்மபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

தர்மபுரி, நான்கு ரோடு

"உங்கள் பாக்கியை எங்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு வட்டி கிடையாது" என்று வரும் அழைப்பைப் பெரும்பாலோர் பாதியிலேயே துண்டித்துவிடுகிறோம். சென்ற ஆண்டு ஏப்ரலில் நான் துண்டிக்கவில்லை. முழுதாகக் கேட்டு, தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியென்று சொன்னேன். 3,640 ரூபாய் மிச்சமானது. எப்படி என்று எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மகளைக் கல்லூரியில் சேர்த்தபோது மனைவியின் நகையை அடகுக் கடையில் வைத்து ஒரு லட்சம் வாங்கியிருந்தேன். இரண்டு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மாதம் பிறந்தால் 2,000 ரூபாய் போய்விடும், அசல் அசையாது. பத்து மாதம் கட்டியிருந்தேன்.

இப்படிப் பாக்கியை மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்பரில் கையில் பணம் தரமாட்டார்கள். ஒரு கார்டில் உள்ள பாக்கியை இன்னொரு கார்டு கம்பெனி அடைத்துவிட்டு, அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படியானால் நகையை மீட்கப் பணம் ஏது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அந்த மாதச் செலவு அத்தனையையும் முதல் கார்டில் போட்டேன். கல்லூரிக் கட்டணம் 60,000, காப்பீடு 14,000, மளிகை, பெட்ரோல், அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து 26,000. கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணமும் எங்கள் இருவர் சம்பளத்தில் ஒதுக்கியதும் அப்படியே கையில் நின்றன. அந்த ஒரு லட்சத்தைக் கொண்டுபோய் நகையை மீட்டேன். முதல் கார்டுக்குப் பில் வந்ததும் அந்தப் பாக்கியை இரண்டாவது கார்டுக்கு மாற்றச் சொன்னேன்.

மாற்றுவதற்குக் கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 2,360 ரூபாய். அடகுக் கடையில் மூன்று மாதத்துக்கு 6,000 கட்டியிருப்பேன். மீதிதான் மேலே சொன்ன 3,640.

கவலைப்பட்ட நாள்களும் உண்டு. பில் வந்த மூன்றாம் நாளே விண்ணப்பித்தும், பணம் முதல் கார்டுக்குப் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது விண்ணப்பித்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். இரண்டாவது கார்டில் அந்த மூன்று மாதமும் ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்கவில்லை. பாக்கியைச் சுமக்கும் கார்டில் புதிதாக வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடக்கூடும். அதனால் அந்தக் கார்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தோம். மாதாமாதம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் தவறாமல் கட்டிவந்தேன்.

அடைப்பதற்கு நான் நம்பியிருந்தது அப்பாவின் மாந்தோப்பை. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர், அத்தனையும் பெங்களூரா ரகம். கூழ் ஆலைக்குப் போகும் காய். ஆனி மாதம் காய் இறங்கி, பணமும் வந்தது. ஆனால் நான் எண்ணியிருந்ததில் 40,000 குறைந்தது. வட்டியில்லாக் காலம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். இரவெல்லாம் தூக்கமில்லை. கடைசியில் மீட்ட நகையில் பாதியை வங்கியில் முக்கால் வட்டிக்கு வைத்து, ஐந்து நாள் முன்னதாகவே கார்டை அடைத்துவிட்டேன்.

ராயக்கோட்டை

அண்ணா, உங்களுக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது நான் போன வழியில் போய்விடக் கூடாது.

தக்காளி வாங்கி வெளியூர் மண்டிகளுக்கு அனுப்பும் தொழில் என்னுடையது. விவசாயிக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுத்தாக வேண்டும்; மண்டியிலிருந்து பணம் திரும்ப இரண்டு வாரமாகும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் கார்டைத் தேய்த்தால், பொருள் வாங்கியதுபோல் பில் போட்டு ரொக்கம் தருவார்கள். நூற்றுக்கு இரண்டரை ரூபாய் கழித்துக்கொள்வார்கள். முதல் கார்டின் கெடு வரும்போது இரண்டாவது கார்டைத் தேய்த்து அடைப்பேன், அடுத்த மாதம் மறுபடி முதல் கார்டைத் தேய்ப்பேன். 45 நாள் வட்டியில்லாமல் கடன் ஓடுகிறது என்று உறுதியாக நம்பினேன். எட்டு மாதம், ஒன்றரை லட்சம். மாதம் 3,750 வீதம் 30,000 ரூபாய் கழிவாகப் போயிருந்ததை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு வட்டிக்காரரிடம் இரண்டரை வட்டி கட்டியிருந்தால் மாதாமாதம் உறைத்திருக்கும். இது கழிவு என்ற பெயரில் போனதால் உறைக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அந்தக் கடையின் இயந்திரத்தை வங்கி முடக்கிவிட்டது. அப்படித் தேய்த்து ரொக்கம் கொடுப்பதே விதிக்கு மாறானது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே வாரம் தக்காளி விலையும் விழுந்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். மறு மாதப் பில்லைப் பார்த்தபோது கை நடுங்கியது. மூன்றரை வட்டி, அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. அதுவும் கெடு தாண்டிய நாளிலிருந்து அல்ல, கார்டைத் தேய்த்த நாளிலிருந்து. நான்கு வட்டி வாங்குபவரை எங்கள் ஊரில் கந்து வட்டிக்காரர் என்போம். 2003-இல் அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

இரண்டு கறவை மாடுகளில் ஒன்றை விற்றுத்தான் அடைத்தேன். அதை ஓட்டிக்கொண்டு போனபோது என் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

ஓசூர்

என் அக்கா மகன் லண்டனில் வேலை செய்கிறான். அங்கே இதற்கு 'ஸ்டூசிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வட்டியில்லாக் கார்டுப் பணத்தை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு, தன் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வட்டி பார்ப்பது. அங்கே மூன்று மாதமெல்லாம் இல்லை, ஒன்றரை இரண்டு ஆண்டு வரைக்கும் வட்டியில்லாத சலுகை கிடைக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 5.25 சதவீதத்தில் நின்றபோது சேமிப்புக்கே 5 சதவீதம் கிடைத்திருக்கிறது. அவன் 5,000 பவுண்டுக்கு 3 சதவீதக் கட்டணமாக 150 பவுண்டு கொடுத்து, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையும் கட்டிக்கொண்டே வந்து, பதினெட்டு மாதம் கழித்து 150 பவுண்டுக்கு மேல் லாபம் பார்த்தான்.

அதைக் கேட்டு நான் ஓசூரில் அதையே செய்தேன். ஒரு லட்சம், மூன்று மாதம், கட்டணம் அதே 2,360. என் பணத்தை மூன்று மாத வைப்பில் போட்டேன். ஆண்டுக்கு 6 சதவீதம். வந்த வட்டி 1,500. கைப்பணம் 860 போனது. அவனுக்கு 3 சதவீதக் கட்டணம் பதினெட்டு மாதத்துக்குப் பரவுகிறது, எனக்கு 2.36 சதவீதம் மூன்றே மாதத்தில் விழுகிறது. இதை முதலிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த 860-ஐவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அப்போதுதான் சிப்காட் பக்கம் வீடு வாங்க வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு கார்டிலும் லிமிட்டைத் தொடும் அளவுக்குப் பாக்கி நின்றதால் கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் 780-லிருந்து 730-க்கு இறங்கிவிட்டது. பாக்கியை அடைத்துவிட்டு வாருங்கள் என்றார் மேலாளர். வீட்டை விற்பவரிடம் கூடுதல் அவகாசம் கேட்டு நின்றது இன்றும் வருத்தமாக இருக்கிறது. வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் அதற்கு முந்தைய ஆறு மாதம் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கிருஷ்ணகிரி, வங்கியில் ஓய்வுபெற்றவன்

தர்மபுரித் தம்பிக்கு ஒரு கேள்வி. பாதி நகையை முக்கால் வட்டிக்கு வங்கியில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். முழு நகையையும் ஏப்ரலிலேயே அங்கே வைத்திருந்தால்? ஒரு லட்சத்துக்கு மூன்று மாத வட்டி 2,250. நீங்கள் கட்டிய கட்டணம் 2,360. வட்டியில்லாக் கடனைவிட வட்டியுள்ள கடன் 110 ரூபாய் மலிவு. ஒரு வாரத் தூக்கத்தையும் இழந்திருக்க வேண்டாம். உங்களுக்கு மிச்சமான பணம் அடகுக் கடையை விட்டு வெளியேறியதால் வந்தது, பேலன்ஸ் டிரான்ஸ்பரால் அல்ல.

உங்கள் அப்பாவுக்குப் பட்டா இருக்கிறதே, விவசாயக் கடன் அட்டை வாங்கியிருக்கிறாரா? பயிர்க்கடன் 3 லட்சம் வரை 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம்தான். நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் அதை விட்டுவிட்டு இரண்டு வட்டிக்கு அலைவதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ராயக்கோட்டைத் தம்பி சொன்ன நான்கு வட்டி பற்றி ஒன்று. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. ஆகவே அந்த உத்தரவை நம்பி யாரும் பாக்கியை இழுக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனவர்களுக்கு இது உதவும்.

தர்மபுரி, நான்கு ரோடு

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு மறுபடி கணக்குப் போட்டேன். நீங்கள் சொல்வதே சரி. ஆனால் அடகுக் கடையில் இருக்கும் நகையை வங்கிக்கு எடுத்துப்போக வேண்டுமானால் முதலில் அதை வெளியே கொண்டுவர வேண்டும். அந்த ஒரு லட்சம் என்னிடம் இல்லாததால்தான் பத்து மாதம் இரண்டு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கார்டு அந்த ஓர் இடத்தில் உதவியது.

இப்போது யோசித்தால், அதற்குப் பேலன்ஸ் டிரான்ஸ்பரே தேவையில்லை என்று தெரிகிறது. செலவைக் கார்டில் போட்டுக் கையிருப்பு ரொக்கத்தால் நகையை மீட்டு, அதே வாரம் வங்கியில் வைத்து, வந்த பணத்தில் கார்டுப் பில்லைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டியிருக்கலாம். எல்லாக் கார்டிலும் உள்ள சாதாரண வட்டியில்லாக் காலமே போதும். அந்த 2,360-ம் மிஞ்சியிருக்கும்.

பர்கூர்

இந்த உரையாடலைப் போன மாதம் படித்தேன். படித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்துவிட்டேன். தையல் கடை வைத்திருக்கிறேன். என் சங்கிலியும் வளையலும் 50,000 ரூபாய்க்கு அடகுக் கடையில் இருந்தன. இரண்டு வட்டி, மாதம் 1,000. மொத்தக் கடையில் துணி வாங்க ரொக்கம் வைத்திருந்தேன். பில் தேதிக்கு மறுநாள் துணியைக் கார்டில் வாங்கினேன். கெடுவுக்கு 48 நாள் கிடைத்தது. ரொக்கத்தைக் கொண்டுபோய் நகையை மீட்டு, நேராக வங்கிக்குப் போனேன்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அடகுக் கடையில் மாதத்துக்கு மேல் ஒரு நாள் கூடினாலும் முழு மாத வட்டி கேட்டார்கள்; ஆகவே வைத்த தேதியைப் பார்த்து அதற்கு முந்தைய நாள் போனேன். அடுத்தது, எங்கள் வங்கிக் கிளையில் நகை மதிப்பிடுபவர் எல்லா நாளும் இருப்பதில்லை. முதல்நாளே கேட்டுக்கொண்டு போனதால் நகை என் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கவில்லை. பணம் கணக்கில் ஏறியதும் கார்டுப் பில் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே 50,000-ஐயும் கட்டிவிட்டேன், கையில் இருந்தால் செலவாகிவிடும் என்ற பயத்தில். மதிப்பீட்டுக் கட்டணம் போக வேறு செலவு இல்லை. இப்போது மாத வட்டி 375 ரூபாய்.

கடையில் என்னோடு தைக்கும் பெண்கள் இருவர் இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் அடகு ரசீதுகளை எடுத்து வந்து காட்டினார்கள். ஒன்று 18,000, மற்றது 22,000. அவர்களிடம் கார்டு இல்லை. வரும் புதன்கிழமை தீபாவளிச் சரக்கை என் கார்டில் எடுக்கப் போகிறேன். ரொக்கத்தை அவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, மூன்று பேரும் ஒன்றாகவே வங்கிக்குப் போகிறோம்.