பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம்: இரும்பு வடமா, இழுபடும் கயிறா?

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளைகள் பிளந்து விழாமல் இருக்க எதைக் கட்டுவது என்று மூன்று நாளாக ஓடும் மடல்களை நேற்று ராத்திரிதான் மொத்தமாகப் படித்தேன். இழுபட்டுக் கொடுக்கிற கயிறுதான் நவீனம் என்கிறார் டொரண்டோ மாமா. இரும்பு வடம் போட்டுவிட்டால் நம் காலம் மட்டும் கவலையில்லை என்கிறார் பேங்க் சித்தப்பா. சிங்கப்பூரில் 14 வருஷமாக எனக்குச் சோறு போடுவது மர வேலைதான். அதிலும் பாதி நாள் இதே தூங்குமூஞ்சி மரத்து உச்சியில். இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் ஒரே கிளைக்கு இல்லை.

தம்பி அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சத்துணவுக்கூடத்துப் பக்கம் சாயும் பெரிய வாதின் கவட்டையில் விரிசல் ஒன்றரை அடி கீழே இறங்கியிருக்கிறது. ஓரம் கருத்துப்போன பழைய காயம், நடுவில் வெளிர் மஞ்சளாகப் புது மரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது விட்ட விரிசலாக இருக்கும். காற்றடிக்கும்போதெல்லாம் அது இன்னும் திறந்து மூடுகிறது.

குளத்துப் பக்கத்துக் கவட்டையில் விரிசல் இல்லை. ஆனால் இரண்டு வாதும் நெருக்கமாக எழும்பி, நடுவில் பட்டை உள்ளே மடிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மரமும் மரமும் ஒட்டியிருக்காது. இன்று நிற்கும், ஒருநாள் பிளக்கும்.

பிளந்துவிட்ட கவட்டைக்கு இரும்புதான். இழுபடும் கயிறு கொஞ்சம் ஆடவிட்டுத்தான் பிடிக்கும், அந்தக் கொஞ்சம் போதும் விரிசல் வளர. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செலவு குறைகிறது என்று மேலாளர் சொல்ல, இப்படி ஒரு கவட்டைக்குக் கயிறு கட்டினோம். மூன்றாம் மாதம் வாது கார் நிறுத்துமிடத்தில் கிடந்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. நம் மரத்துக்குக் கவட்டையின் குறுக்கே துளைபோட்டு திரெட் ராடு (மரையிட்ட இரும்புக் கம்பி) விட்டு, இரு பக்கமும் அகல வாஷர் வைத்து இறுக்க வேண்டும். அப்புறம் மேலே, கவட்டையிலிருந்து நுனிவரை உள்ள நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், ஐ போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) மாட்டி, இரண்டு வாதையும் இணைத்து ஸ்டீல் ரோப். அது தொய்ந்திருக்கக் கூடாது. தொய்ந்த கயிற்றை மாடு வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஓட்டை போட்டால் மரம் பட்டுப்போகாதா என்று அத்தை கேட்டிருந்தார். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் பிளந்து பார்த்துச் சொன்னது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. மரம் உளுத்துப்போகாமல் இருந்தால் ஒரு துளையைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதது சுற்றிக் கட்டிய கம்பியைத்தான். சாப்பாடு பட்டைக்குள்தான் இறங்குகிறது, மரம் பருக்கப் பருக்க கம்பி அதை நெரிக்கும். கீழ்க் கிளையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டிய கட்டுக்கம்பி பட்டைக்குள் புதைந்திருப்பதைப் படத்தில் பாருங்கள். எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை.

குளத்துப் பக்கத்துக்கு மாமா சொல்லும் கயிறு. ஆடஆடத்தான் மரம் தேவையான இடத்தில் பருக்கும். அசையாமல் கட்டிவிட்டால், இடுப்பிலேயே வைத்து வளர்த்த பிள்ளை மாதிரி ஆகிவிடும். இந்தக் கயிறு உள்ளே கூடான பாலிப்ரொப்பிலீன் பின்னல். உள்ளே ரப்பர்த் துண்டு வைப்பார்கள், அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். கிளையைச் சுற்றிக் கட்டும் நாடா மரத்தோடு விரியும். 2 டன், 4 டன், 8 டன் என்று தாங்கும் அளவில் வருகிறது. முடிச்சு கிடையாது, பின்னலுக்குள்ளேயே நுழைத்துக் கோப்பது. மல்லிப்பட்டினத்தில் படகுக்கு விற்கும் நைலான் கயிறு போதாதா என்று ஒருவர் எழுதியிருந்தார். முடிச்சுப் போட்டாலே பலம் பாதிக்குப் பாதி போய்விடும், அண்ணே.

வெயிலில் கயிறு நைந்துபோகும். சுமார் எட்டு வருஷம் ஆனால் மாற்றத்தான் வேண்டும், அணில் கடித்தால் அதற்கும் முன்பே. இரும்புக்கு உப்புக்காற்று. எதைப் போட்டாலும் வருஷம் ஒருமுறை ஒருத்தர் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். அதற்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைக்காவிட்டால் நான் இந்த வேலைக்கு வரமாட்டேன். 2019இல் வாங்கிக் கொடுத்த குடிநீர் இயந்திரம் என்ன ஆனது என்று யாருக்காவது தெரியுமா?

எதைக் கட்டுவதற்கும் முன்னால் நுனிச்சுமையைக் குறைக்க வேண்டும். மொட்டையடிக்கக் கூடாது, நீண்டு போன நுனிகளைப் பக்கக் கிளை வரை மட்டும் வெட்டினால் போதும். புறம்போக்கு மரம், ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். புரட்டாசியில் பத்து நாள் லீவில் வருகிறேன், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம்.

தம்பி, அதுவரை உனக்கு இரண்டு வேலை. ஒரு ஈர்க்குச்சியை விரிசலில் விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து அனுப்பு. அப்புறம், தலைமையாசிரியரிடம் இன்றைக்கே பேசி, பிள்ளைகளின் சாப்பாட்டு வரிசையை வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொல்.

கீழத்தெரு, இப்போது சிங்கப்பூர்