சி4 என்றால் கழுத்தா, மண்டையா? கரோடிட் சார்ட்டில் மாட்டியவர்கள் சொல்லுங்கள்

டார்கெட்தாசன்:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. மெடிக்கல் கோடிங் வேலை, சார்ட்டைப் படித்து நோய்க்கு கோட் போடுவது. அமெரிக்க அவுட்பேஷன்ட் (அட்மிட் ஆகாத நோயாளி) ரேடியாலஜி, தலை-கழுத்து சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய் ஸ்கேன். கேப் கிளம்பப் பதினைந்து நிமிடம், டார்கெட்டுக்கு நாலு சார்ட் பாக்கி. ரிப்போர்ட்டின் முடிவான இம்ப்ரெஷனில் ஒரே வரி: வலது இன்டர்னல் கரோடிட் அனூரிசம், 6 மிமீ, சி4. அதாவது கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் வீக்கம். எனக்கு நாலாவது கழுத்தெலும்புதான் கண்ணில் வந்தது. காமன் கரோடிட் இரண்டாகப் பிரிவதும் அந்தப் பக்கம்தானே! கழுத்துக் கரோடிட் அனூரிசத்துக்கான ஐ72.0 போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் ஆடிட்டர் குறிப்பு: "சி4 எலும்பு இல்லை, செக்மென்ட். ஐ67.1." இன்டர்னல் கரோடிட்டை ஏழு துண்டாக எண்ணும் கணக்கில் நாலாவது கேவர்னஸ் பகுதி, மண்டைக்குள்; அங்கே வெடிக்காத அனூரிசம் என்றால் ஐ67.1. ஆனால் டாக்டர் 'செக்மென்ட்' என்று எழுதவே இல்லையே? ரிபட்டல் (ஆடிட்டருக்கு மறுப்பு) போடலாம் என்றிருக்கிறேன்.

சுக்குக்காபி:
போடாதீர்கள். இடமே தெரியாத இன்டர்னல் கரோடிட் அனூரிசமும் ஐ67.1தான். ஐ72.0-க்குக் கீழே, 'இதை இங்கே போடாதே' என்கிற எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பில் அப்படியே இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் எரர்.
என் கதை வேறு. கிளினிக் சார்ட், கழுத்தில் துடிக்கிற கட்டி, 'கரோடிட் சூடோஅனூரிசமாக (பொய் அனூரிசம்) இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். நானும் ஐ72.0. அவுட்பேஷன்டில் 'இருக்கலாம்' என்பதை கோட் செய்யக்கூடாது, கட்டிக்கான ஆர்22.1தான். அதே ஆள் அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே 'இருக்கலாம்' வந்தால் ஐ72.0 போடலாம்! டீம் லீடர் எல்லார் முன்னாலும் "இருக்கலாம்னா இருக்கா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

பழைய_கோடர்:
அரை மணி நேரம் 'வெடித்த கரோடிட் அனூரிசம்' என்று தனி ஐசிடி (நோய் கோட்) தேடியவன் நான். கிடையாது. கழுத்துக் கரோடிட்டில் பொய் அனூரிசம், வெடித்தது, எல்லாமே ஐ72.0-க்குள். கழுத்தைத் திறந்து சரிசெய்கிற சிபிடியில்தான் (சிகிச்சை கோட்) பிரிவு: வெடிக்காதது 35001, வெடித்தது 35002. சர்ஜன் நோட்டில் அந்த ஒரு சொல் விட்டுப்போனால் முடிந்தது.
தம்பி, ரிபட்டலை விடு. ஏழு செக்மென்ட் படத்தை பிரின்ட் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டு. சி1 மட்டும் கழுத்து என்று பச்சைப் பேனாவில் எழுது. சந்தேகம் கேட்டு டாக்டருக்கு க்வெரி அனுப்பும்போது "இது மண்டைக்குள்ளேதானே டாக்டர்?" என்று வாயில் ஊட்டாதே, கழுத்து, மண்டைக்குள், வேறு, சொல்ல முடியவில்லை என்று நாலையும் வரிசையாகக் கொடு. கடைசி அரை மணியில் வாஸ்குலர் சார்ட்டைத் திறக்காதே, எக்ஸ்ரே சார்ட்டாக எடுத்து முடி. மானிட்டர் உயரத்தையும் பார், எனக்குக் கழுத்துத் தேய்மானமே வந்தது, அதுவும் நிஜ சி4-சி5.

சுக்குக்காபி:
@பழைய_கோடர் எக்ஸ்ரேயாகப் பொறுக்கினால் வாஸ்குலர் எல்லாம் என் க்யூவில்தான் விழுகிறது. நன்றி!

டார்கெட்தாசன்:
ரிபட்டல் எழுத ரிப்போர்ட்டை முழுசாகத் திறந்தேன். இரண்டாம் பக்கம் ஃபைன்டிங்ஸில் வரிக் கடைசியில் 'கேவர்னஸ்', அடுத்த வரித் தொடக்கத்தில் 'சைனஸ்'. அன்றைக்கு மூக்கு சைனஸ் என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன்.