முடிச்சூர் வீடு (குடும்பக் குழு)

19 டிசம்பர் 2023

ராஜி: போட்டோ பாருங்க. டிவி ஸ்டாண்டு முன்னாடி ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிக்குது. ராத்திரி மூணு மணிக்கு டமார்னு சத்தம். அம்மா பயந்து எழுந்து உக்காந்துட்டாங்க.

ராஜி: வெள்ளம் வடிஞ்சும், பக்கத்து டைல்ஸ மிதிச்சா இடுக்கு வழியா கறுப்புத் தண்ணி வருது.

கீதா: ஐயோ. அத்தைய அந்தப் பக்கம் விடாதீங்க அண்ணி

முரளி: எழும்பின ரெண்ட மட்டும் எடுத்து ஒட்டச் சொல்லுக்கா. அரை நாள் வேலை.

ராஜி: தை 12 தீபா வளைகாப்புடா. நூறு பேர் உக்கார்ற ஹால்.

சேகர் மாமா: ராஜி, ஒரு ரூபா காசால ஹால் முழுக்கத் தட்டிப் பாரு. கெட்டியா சத்தம் வந்தா சரி. டொப் டொப்னு வந்தா அடியில பொந்து. போன வாரம் வந்தப்பவே தட்டினேன், ஜன்னல் பக்கம் மட்டும் 14 டைல்ஸ் டொப். 2016ல ஒட்டினவன் நாலு மூலையிலயும் நடுவுலயும் கலவை உருண்டை வச்சு அமுக்கிட்டுப் போயிருக்கான். அந்தப் பொந்துலதான் வெள்ளத் தண்ணி தங்கியிருக்கு. சுவர் ஓரம் கால் இஞ்ச் இடைவெளியும் விடல. ஈரத்துல டைல்ஸ் விரியும், பக்கத்துல இடம் இல்லன்னா மேலதான் எழும்பும். இன்னைக்கு ரெண்டு எடுத்து ஒட்டினா நாளைக்கு நாலு எழும்பும்.

முரளி: மேஸ்திரி நான் பிடிச்ச ஆள்னு தெரிஞ்சுதான சொல்றீங்க மாமா

சேகர் மாமா: வேலையச் சொன்னேன்பா

ராஜி: 2015 வெள்ளம் வடிஞ்சு தரை காயறதுக்குள்ள போட்டது. இந்தத் தடவையும் அதே அவசரம் வேணாம்.

பெரியம்மா: வெள்ள நிவாரணம் ஆறாயிரம் ரூபா டோக்கன் வந்துடுச்சா ராஜி

கீதா: எங்க தெருவுல பாதி பேருக்கு வரல பெரியம்மா

பெரியம்மா: ரேஷன் கடையில போய்க் கேளு, கார்டு எடுத்துட்டுப் போ

தீபா: வாங்கியாச்சு பெரிய பாட்டி. டைல்ஸ் என்ன பண்றது?

சேகர் மாமா: டொப் சத்தம் வர்றதெல்லாம் உடைச்சு, அடிக் கலவையையும் கொத்தி எடுத்துடணும். மண் இறங்கியிருந்தா தண்ணி ஊத்தி நல்லா குத்தி, மேல கான்கிரீட். ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு கழுவலாம், ஆசிட் ஊத்தக் கூடாது, சிமெண்ட அரிச்சிடும். அப்புறம் காயணும். ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் ஷீட்ட தரையில விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்தா இன்னும் ஈரம். வேர்க்கலன்னாதான் டைல்ஸ்.

முரளி: அப்போ தை 12க்குள்ள முடியாது

சேகர் மாமா: முடியாது

கீதா: மண்டபம் பாக்கலாமா அண்ணி

ராஜி: தைப்பூசத்துக்கு மறுநாள், குடியரசு தின லீவு வேற. இப்போ யார் குடுப்பா

பாட்டி: வாய்ஸ் மெசேஜ் (0:41)

தீபா: மண்டபம் வேணாமாம், தாத்தா கட்டின வீட்லதான் வளையல் போடணுமாம் 🙏

ராஜி: பூஜை ரூம் காவித் தரை, அந்த ரெட் ஆக்சைடு சிமெண்ட் தரை, அப்படியே இருக்கு. 88ல அப்பா பக்கத்துல நின்னு போட வச்சது. ரெண்டு வெள்ளத்துலயும் ஒரு கீறல் இல்ல.

முரளி: அதையும் டைல்ஸாக்கணும்னு நான்தான் அன்னைக்கு சண்டை போட்டேன். அம்மா விடாதது நல்லதாப் போச்சு.

முரளி: நான் பாதி போடறேன்க்கா. ஹாலயும் காவி போட்டுடலாமா?

சேகர் மாமா: போடலாம். அந்தக் கை உள்ள மேஸ்திரி கிடைக்கணும். ஒரு நாள்ல தேய்ச்சு முடிக்கணும், நிறம் மாறினா திட்டுத் திட்டாத் தெரியும்.

ராஜி: பணம் அப்புறம். நீ ஒரு நாள் நேர்ல வா முரளி.

முரளி: ஞாயித்துக்கிழமை பாக்கறேன்

ராஜி: பாக்கறேனா வர்றேனா

20 டிசம்பர் 2023

சேகர் மாமா: ஷீட் பாத்தியா?

ராஜி: நல்லா வேர்த்திருக்கு மாமா. கையில ஒட்டுது.

கீதா: அப்போ மொட்டை மாடியில பந்தல்?

தீபா: மாடிப்படி ஏற முடியாது அத்தை 😔

ராஜி: பூஜை ரூம்ல மனை போட்டுக்கலாம்னு அம்மா சொல்றாங்க. இப்பவே தேங்காயெண்ணெய் தேய்க்க உக்காந்துட்டாங்க.

சேகர் மாமா: எண்ணெய் வேணாம்னு சொல்லு. ஈரம் உள்ளயே மாட்டிக்கும், தீபாவுக்கு வழுக்கும்.

ராஜி: சொல்லிட்டேன் மாமா. கேக்கல.