கையால் வரைவதை விட்டு ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளுக்கு மாறினால் உண்மையில் என்ன லாபம்?

வரைபலகை:
எங்களுடையது சின்ன அலுவலகம். வீட்டு பிளான் மட்டும்தான், பெரும்பாலும் 30க்கு 40 அடி மனை. இன்றுவரை டிராஃப்டிங் மெஷினும் ட்ரேசிங் பேப்பரும்தான். பழகிய கைக்கும் ஆட்டோகேட் புதிதாகப் பழகுகிறவருக்கும் ஒரு தரைத்தள பிளானுக்கு ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. அப்படியிருக்க மாறுவதில் என்ன பயன்? மாறினால் முதலில் எதைச் சரியாகப் பழக வேண்டும்?

மட்டக்கோல்:
முதல் பிளானில் லாபத்தைத் தேடாதீர்கள் சார். அது திருத்தத்தில்தான் வரும்.

வீட்டுக்காரர் குளியலறைச் சுவரை அரை அடி தள்ளச் சொல்கிறார் என்று வையுங்கள். ட்ரேசிங்கில் பாதி பிளேடால் மையைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தை ரப்பரால் தேய்த்து வழுவழுப்பாக்காவிட்டால் புது மை பரவும். அதே இடத்தை மூன்றாவது தடவை சுரண்டினால் தாள் ஓட்டை. அந்தச் சுவர் மின் பிளானிலும் பிளம்பிங்கிலும் சென்டர்லைன் (சுவர் மையக்கோடு) தாளிலும் இருக்கிறது; நான்கு தாளிலும் இதே பாடு.

ஆட்டோகேடில் ஸ்ட்ரெட்ச் கட்டளை. வலமிருந்து இடமாக இழுத்து, சுவரின் முனைகளும் கதவும் அளவுக்கோட்டின் முனையும் பெட்டிக்குள் வரும்படி பிடித்து 150 மி.மீ. கொடுங்கள். சுவர் நகரும், அளவு எண் தானே மாறும். மற்றத் தாள்களில் தரைத்தளக் கோப்பை எக்ஸ்ரெஃபாக (வெளிக்கோப்பு இணைப்பாக) இணைத்திருந்தால் ரீலோட் செய்தால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள்: செக்‌ஷனும் எலிவேஷனும் (வீட்டைக் குறுக்கே வெட்டிய படமும் வெளிமுகப் படமும்) தானாக மாறாது. இரு பரிமாண வரைவில் அவை தனிக் கோடுகள். பிளானில் ஜன்னல் ஓரிடம், எலிவேஷனில் வேறிடம் என்று சைட்டுக்குப் போகும் தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. எல்லாம் சேர்ந்து மாற வேண்டுமென்றால் ரெவிட் போன்ற முப்பரிமாண மென்பொருள் வேண்டும்.

தூக்குக்குண்டு:
திருத்தத்தைவிடத் துல்லியத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். 1:100 தாளில் 0.5 மி.மீ. பேனாக் கோட்டின் தடிமனே சைட்டில் 50 மி.மீ. நாலரை அங்குலச் சுவரே 115 மி.மீ.தான்! ட்ரேசிங் தாள் ஈரக்காற்றில் விரிந்து சுருங்குவது வேறு. ஸ்கேல் வைத்து அளந்து எடுத்த அளவை நம்பவே முடியாது.

ஆட்டோகேடில் உண்மை அளவிலேயே, மி.மீட்டரில் வரையுங்கள்: 9144க்கு 12192 மனை, 230 சுவர். ஸ்கேல் விகிதத்தை லேஅவுட்டின் (அச்சுத் தாளைக் காட்டும் பக்கம்) வியூபோர்ட்டில் (வரைவைக் காட்டும் சாளரம்) மட்டும் வையுங்கள், வைத்ததும் பூட்டிவிடுங்கள். இந்த மனை 1:50இல் 183க்கு 244 மி.மீ., ஏ3 தாளில் தாராளமாக அடங்கும்.

கெடுவது எங்கே என்றால், கோடு 2985 இருக்கும், அவசரத்தில் அளவு எண்ணை மட்டும் 3000 என்று தட்டிவிடுவார்கள். அந்த நிமிடமே படம் பொய்யாகிவிடுகிறது. பரப்பளவு, டைல்ஸ் கணக்கு எல்லாம் அந்தப் பொய்யிலிருந்துதான் வரும். வாங்கிய கோப்பில் அளவுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் ‘டெக்ஸ்ட் ஓவர்ரைடு’ பெட்டியைப் பாருங்கள். காலியாக இல்லையென்றால் <> என்று கொடுங்கள், உண்மை அளவு திரும்ப வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயமாக்குங்கள்.

செங்கல்:
பிளாக் (ஒருமுறை வரைந்து பல இடத்தில் செருகும் படம்) பற்றி யாரும் சொல்லவில்லையே. கதவு, ஜன்னல், வாஷ்பேசின் எல்லாவற்றையும் பிளாக்காக வையுங்கள். ஒன்றைத் திருத்தினால் இருக்கிற அத்தனை இடத்திலும் மாறும். 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே இந்தக் கருத்து இருந்தது. ஆட்டோகேட் வந்தது 1982இல்தான்.

வெளியிலிருந்து எடுத்த பிளாக் மனையையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கோப்பு அங்குலம், இன்னொன்று மி.மீ.; 25.4 மடங்கு வித்தியாசம். இரண்டிலும் யூனிட்ஸ் கட்டளையில் செருகும் அலகைச் சரிபாருங்கள்.

வரைபலகை:
மிக்க நன்றி. அறைப் பெயர்களைத் தமிழில் எழுதினால் ???? என்று வருகிறதே? பிரிண்ட் எடுத்தால் ஸ்கேலும் ஒத்துவரவில்லை.

தூக்குக்குண்டு:
ஆட்டோகேடின் சொந்த எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்களில் தமிழ் இல்லை. டெக்ஸ்ட் ஸ்டைலில் லதா அல்லது நிர்மலா யூ.ஐ. வையுங்கள். பழைய பாமினி எழுத்துரு வேண்டாம். அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

பிரிண்டில் ‘ஃபிட் டு பேப்பர்’ டிக்கை எடுத்துவிட்டு 1:1 வையுங்கள். பிடிஎஃப்பாக அச்சுக்கடைக்கு அனுப்பினால் அங்கேயும் அதையே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் சுருக்கிவிடுவார்கள். தாளின் ஓரத்தில், லேஅவுட்டில், சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். அச்சானதும் ஸ்கேலை அதன்மேல் வையுங்கள். 97 காட்டினால் அந்தத் தாளை சைட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மட்டக்கோல்:
டிராஃப்டிங் மெஷினை விற்றாலும் பட்டர் பேப்பரை (மெல்லிய வரைதாளை) விட்டுவிடாதீர்கள் சார். அறைகளை எப்படி அடுக்குவது என்று யோசிக்கும்போது தடித்த பென்சில்தான் வேகம். அறைகளின் இடம் முடிவான பிறகு கணினிக்கு வாருங்கள்.