சம்பந்தி அம்மா வருகிறாரா?

குழு: கல்மண்டபம் வீடு

பெரியப்பா: எல்லாரும் கவனிக்கவும். ஞாயிற்றுக்கிழமை அம்மா காரியத்துக்கு மெக்சிகோவிலிருந்து சம்பந்தி அம்மா வருகிறார். சிவா காலையில் போட்ட படத்தில் கடைசி வரியைப் பாருங்கள். தங்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

மாலா அத்தை: ஐயோ, இன்னும் மூன்று நாள்தானே இருக்கிறது

குமார் சித்தப்பா: டிக்கெட் யார் எடுத்தது?

ரேவதி சித்தி: மாடி ரூமில் பழைய பேப்பரும் உடைந்த கட்டிலும்தான் கிடக்கிறது

அம்மா: ஏசி உன் வீட்டில்தான் இருக்கிறது ரேவதி

ரேவதி சித்தி: பிள்ளைக்குப் பரீட்சை அக்கா

மாலா அத்தை: கல்யாணத்துக்கு அவர் வந்தபோதும் பரீட்சைதான்

குமார் சித்தப்பா: அக்கா, அதை இப்போது எடுக்காதே

பார்த்திபன் மாமா: விமானம் எத்தனை மணிக்கு? மழை பிடித்துக்கொண்டால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் நிற்கும்.

நித்யா: பெரியப்பா, ஒரு நிமிடம். அவர் வருவதாக எழுதவில்லை.

பெரியப்பா: சி, ஓ, எம், ஈ. தெளிவாக இருக்கிறது. துறைமுகத்தில் 38 வருடம் சீட்டு எழுதியவன் நான். கம் என்றால் எனக்குத் தெரியாதா?

நித்யா: அது ஆங்கிலம் இல்லை பெரியப்பா, ஸ்பானிஷ். கோமே என்று படிக்க வேண்டும். முழு வரி, "கோமே அல்கோ, ஈஹோ." ஏதாவது சாப்பிடு மகனே என்று அர்த்தம். சிவா அண்ணனுக்கு அவர் மாமியார் எழுதியது. அண்ணன் அதைத் தெரியாமல் இந்தக் குழுவில் போட்டுவிட்டார் போல.

மாலா அத்தை: சிவா சாப்பிடாமலா இருக்கிறான்?

அம்மா: ஆயா போய்ப் பன்னிரண்டு நாளாகிறது

பெரியப்பா: இது பெரியம்மா பேசுகிறேன். சிவா எங்கே? போனை எடுக்கவில்லை.

நித்யா: இங்கே இரவு எட்டு என்றால் மெக்சிகோவில் அண்ணன் இருக்கிற புவெப்லாவில் காலை எட்டரை பெரியம்மா. பதினொன்றரை மணி நேரம் பின்னால். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

பிரவீன்: அக்கா, போன வாரம் சாப்பிடுவதற்கு கோமெர் என்று சொன்னாயே. இப்போது கோமே?

நித்யா: கோமெர் என்பது அகராதியில் இருக்கிற வடிவம். சாப்பிடுதல், அவ்வளவுதான். யார், எப்போது என்று அதில் இருக்காது. கடைசியில் உள்ள எர் என்பதை எடுத்துவிட்டால் கோம் மிஞ்சும். அதில் வேறு வால் ஒட்ட வேண்டும். கோமோ, நான் சாப்பிடுகிறேன். கோமெஸ், நீ சாப்பிடுகிறாய். கோமே, அவர் சாப்பிடுகிறார். கோமேமோஸ், நாம் சாப்பிடுகிறோம். கோமென், அவர்கள் சாப்பிடுகிறார்கள். நம் தமிழில் "சாப்பிடுகிறேன்" என்றாலே போதும், "நான்" தனியாக வேண்டாம் அல்லவா? அங்கேயும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது முடியாது. அதனால்தான் எங்கள் வகுப்பில் ஆங்கிலம் வழியாக யோசித்தவர்கள் திணறினார்கள். நான் தமிழ் வழியாகப் போனேன். இந்த கோமே மட்டும் இரண்டு வேலை செய்யும். அவர் சாப்பிடுகிறார் என்பதும் அதுதான், நீ சாப்பிடு என்பதும் அதுதான்.

பிரவீன்: கிரவுண்டில் நாங்கள் கத்துகிற பாமோஸ் மாதிரியா?

நித்யா: அதேதான். போகிறோம் என்பதும் பாமோஸ், போகலாம் வா என்பதும் பாமோஸ்.

குமார் சித்தப்பா: அப்போ அவர் வரவில்லை. இலைக் கணக்கு பழையபடியே.

பெரியப்பா: வருகிறார் என்றால் எப்படி எழுதுவார்கள்?

நித்யா: வியேனே. வருவார் என்றால் வேந்த்ரா.

பெரியப்பா: சரி. அது எங்கேயும் இல்லை. பார்த்துவிட்டேன்.

பார்த்திபன் மாமா: மாப்பிள்ளையிடம் இப்படி நீ, வா, போ என்றா எழுதுவார்கள்?

நித்யா: மகன் மாதிரி நினைத்து எழுதுகிறார் மாமா. மரியாதையாகச் சொல்ல உஸ்தெத் என்று தனிச்சொல் உண்டு, நம் நீங்கள் மாதிரி. அதற்கு வினைச்சொல்லில் அவர் என்பதற்கான வால் வரும். சாப்பிடுங்கள் என்றால் கோமா.

மாலா அத்தை: அந்த வார்த்தையை இங்கே எழுதாதே நித்யா

நித்யா: அத்தை, மன்னித்துவிடுங்கள். யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

அம்மா: அவளுக்குத் தெரியாது, விடுங்கள் அண்ணி

மாலா அத்தை: கடைசி இரண்டு நாள் டாக்டர் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாளே வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தால்

குமார் சித்தப்பா: யார் கொண்டுபோகவில்லை? பணம் கட்டினது யார் என்று சொல்லட்டுமா?

பெரியப்பா: குமார். போதும்.

அம்மா: பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள்

நித்யா: அத்தை, ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கு அங்கே இன்னொரு முகம் இருக்கிறது. முன்னால் கே சேர்த்து, "கே கோமா" என்றால், சாப்பிடட்டும். நடந்ததையும் நடப்பதையும் சொல்ல ஒரு வரிசை, மனதில் ஆசைப்படுவதை, வேண்டிக்கொள்வதைச் சொல்ல வேறு வரிசை என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் "ட்டும்" செய்கிற வேலையில் பாதியை அது செய்கிறது. ஆயா வாசலில் நின்று "அந்தப் புள்ளையும் சாப்பிடட்டும்" என்று சொல்வார் இல்லையா, அதுதான் கே கோமா. இனிமேல் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும்.

மாலா அத்தை: சரி மா

சிவா அண்ணன்: இப்போதுதான் பார்த்தேன். அந்தப் படம் லூப்பேவுக்கு அனுப்ப வேண்டியது, மாறிப் போய்விட்டது. அப்பா, அவர் வரவில்லை. மன்னிக்கவும்.

பெரியப்பா: ஏன் சாப்பிடவில்லை? (பெரியம்மா)

சிவா அண்ணன்: சாப்பிடுகிறேன் அம்மா. ஒரு விஷயம் கேட்கத்தான் இருந்தேன். நவம்பர் 2 இங்கே இறந்தவர்களின் நாள். வீட்டுக்குள் படிப்படியாக மேடை வைத்து, போனவர்களின் படம், அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, தண்ணீர், மெழுகுவத்தி எல்லாம் வைப்பார்கள். லூப்பேவின் அப்பா படத்துக்குப் பக்கத்தில் நம் ஆயாவின் படத்தை வைக்கப்போகிறார் மாமியார். கீழே ஒரு வரி எழுத வேண்டுமாம். அது உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டும் என்கிறார். எனக்கு பேக்டரி ஸ்பானிஷ்தான் வரும். நித்யா, நீ எழுது.

அம்மா: நவம்பர் 2 நம் பதினாறாம் நாள் ஆயிற்றே

சிவா அண்ணன்: ஆமாம் சித்தி. அதே நாள்.

ரேவதி சித்தி: படையல் மாதிரியா?

சிவா அண்ணன்: படையலேதான் சித்தி. பூ கூட நம் துலுக்கச் சாமந்திதான். அந்தப் பூவுக்குச் சொந்த ஊரே மெக்சிகோ. இப்போது தெருவெல்லாம் மஞ்சளாக இருக்கிறது.

பெரியப்பா: வரி நான் தருகிறேன். "அன்பின் உறைவிடமாகவும் பண்பின் சிகரமாகவும் திகழ்ந்த எங்கள் அன்னை." இதை மொழிபெயர்த்துக்கொள் மா.

குமார் சித்தப்பா: போஸ்டரில் போட்டதேதானே அண்ணா

பெரியப்பா: போஸ்டரில் போட்டால் என்ன தப்பு?

மாலா அத்தை: சம்பந்தி அம்மாவுக்கு நம் அம்மா யார்? அந்தப் பத்து நாளும் இரண்டு பேரும் அம்மிக்கிட்டேயேதான் கிடந்தார்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. அம்மியைப் பார்த்ததும் அந்த அம்மா கையைத் தட்டிக்கொண்டு என்னவோ சொன்னாரே?

சிவா அண்ணன்: மெத்தாத்தே. இங்கே சோளம் அரைக்கிற கல். நம் அம்மி மாதிரியே, கீழே மூன்று கால் இருக்கும், அவ்வளவுதான். அவருடைய பாட்டி வீட்டில் இருந்ததாம்.

மாலா அத்தை: முட்டி போட்டு உட்கார்ந்து மிளகாய் அரைத்தார். நெத்திலிக் குழம்புக்கு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார்.

குமார் சித்தப்பா: அந்த அம்மியையும் ஒரு முடிவு பண்ணுங்கள். வீடு இடிக்கும்போது எங்கே போடுவது?

மாலா அத்தை: போடுவதா? நான் எடுத்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே சொன்னேன்

பார்த்திபன் மாமா: நாம் இருப்பது மூன்றாவது மாடி மாலா

பெரியப்பா: அம்மி பிறகு. வரியைப் பாருங்கள்.

நித்யா: எனக்கு ஒரு வரி தோன்றுகிறது. "ஆயா எல்லாருக்கும் சோறு போடும்." ஆனால் இதை ஸ்பானிஷில் எழுதும்போது எந்த இறந்தகாலம் என்று யோசிக்க வேண்டும். அங்கே இறந்தகாலம் ஒன்று இல்லை. முடிந்துபோன செயலுக்கு ஒரு வரிசை: கோமீ, சாப்பிட்டேன். கோமீஸ்தே, சாப்பிட்டாய். கோமியோ, சாப்பிட்டார். வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு வேறு வரிசை: கோமீயா, கோமீயாஸ், கோமீயாமோஸ். சோறு போடுவது தார் தே கோமெர், அதாவது சாப்பிடக் கொடுப்பது. தியோ என்று எழுதினால் போட்டார், ஒரு தடவை போட்டார், முடிந்தது என்றுதான் முதலில் காதில் விழும். தாபா என்று எழுதினால் போட்டுக்கொண்டே இருந்தார், நாள்தோறும் போடுவார். எப்போது தொடங்கினார், எப்போது நின்றது என்று அந்தச் சொல் சொல்லாது. எனக்கு தாபாதான் வேண்டும்.

பிரவீன்: தமிழில் அப்படி இல்லையே அக்கா

நித்யா: இருக்கிறது பிரவீன், நாம் கவனிப்பதில்லை. "ஆயா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போகும், கூடையில் சங்கராவும் நெத்திலியும் வாங்கி வரும், வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும்." இது எப்போது நடந்தது? போன காலத்தில். ஆனால் போகும், வரும், போடும் என்பதெல்லாம் எதிர்கால வடிவம். போனவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எதிர்காலத்தில்தான் பேசுகிறோம். வகுப்பில் இந்த வரிசை மட்டும் பல வாரம் எனக்கு மண்டையில் ஏறவில்லை. வீட்டில் ஆயா தன் அப்பாவின் கட்டுமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, "அப்போ எங்கப்பா கடலுக்குப் போவாரு" என்று. அன்றைக்குத்தான் புரிந்தது.

அம்மா: அதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே

பெரியப்பா: எல்லாம் சரி. "போடும்" என்ன போடும்? ஆடா மாடா? போடுவார் என்று எழுது.

மாலா அத்தை: அண்ணா, பிள்ளைகள் எல்லாம் ஆயா வரும், ஆயா போடும் என்றுதானே பேசும். அம்மாவும் அதைத்தான் கேட்டுப் பழகினார்.

நித்யா: ஸ்பானிஷில் அந்தச் சண்டையே வராது பெரியப்பா. அவன், அவள், அது, உஸ்தெத் எல்லாவற்றுக்கும் தாபா ஒன்றுதான். நான் என்பதற்கும் அதே தாபாதான், அதனால் யார் என்று சொல்லிவிட வேண்டும். "ஆயா நோஸ் தாபா தே கோமெர் ஆ தோதோஸ்." ஆயா என்பதைக்கூட மாற்ற வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஸ்பானிஷிலும் ஆயா என்று ஒரு சொல் இருக்கிறது.

அப்பா: 👍

ரேவதி சித்தி: மச்சான் கூட ஒத்துக்கொண்டுவிட்டார்

சிவா அண்ணன்: நன்றாக இருக்கிறது. லூப்பேவிடம் படித்துக் காட்டினேன். சரி என்கிறாள். ஆனால் மாமியாருக்கு ஆயாவின் குரலில் தெரிந்த ஒரே சொல் "சாப்ட்டியா". கல்யாணத்துக்கு வந்தபோது கற்றுக்கொண்டு போய், இன்னும் போனில் என்னை அதைத்தான் கேட்கிறார். அதையும் சேர்க்கலாமா?

நித்யா: சேர்க்கலாம் அண்ணா. ஸ்பெயினில் என்றால் "ஆஸ் கோமீதோ" என்று கேட்பார்கள், இன்றைக்குச் சாப்பிட்டிருக்கிறாயா என்பது போல. மெக்சிகோவில்?

சிவா அண்ணன்: யா கோமீஸ்தே. எங்கள் லைனில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

பெரியப்பா: அது நீ தானே? சம்பந்தி வீட்டு மேடையில் நீ, வா, போ என்று இருக்கக் கூடாது. நீங்கள் போடுங்கள்.

நித்யா: அப்படியென்றால் "யா கோமியோ". ஆனால் பெரியப்பா, ஆயா யாரையும் நீங்கள் என்று சொன்னதே இல்லை. கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வந்தபோதும் "சாப்ட்டியாப்பா" என்றுதான் கேட்டது.

பார்த்திபன் மாமா: என் கல்யாணத்தில் எங்கள் அப்பாவையும் நீ என்றுதான் கூப்பிட்டார். அது பெரிய பிரச்சினையாகி

மாலா அத்தை: 27 வருடமாயிற்று, இன்னுமா

பார்த்திபன் மாமா: சொல்லத்தான் வந்தேன். மறுநாள் எங்கள் அப்பா அவர் கையால்தான் சாப்பிட்டார். நீ என்றே போடுங்கள்.

பெரியப்பா: நாளைக்குக் காலையில் சொல்கிறேன்.

சிவா அண்ணன்: அங்கே காலை என்றால் இங்கே இரவு அப்பா. பரவாயில்லை. இரண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

குமார் சித்தப்பா: படையலில் நெத்திலி உண்டா இல்லையா? சமையல்காரர் கேட்கிறார்.

ரேவதி சித்தி: காரியத்தன்று சைவம்தான்

மாலா அத்தை: அம்மாவுக்கு நெத்திலிதான் பிடிக்கும்

அம்மா: அங்கே வைக்கச் சொல்லலாமே. சிவா, நெத்திலி கிடைக்குமா?

சிவா அண்ணன்: காய்ந்த சின்ன மீன் சந்தையில் இருக்கிறது சித்தி. தேடிப் பார்க்கிறேன். புளி எளிதாகக் கிடைக்கும்.

பெரியப்பா: சிவா, உன் அம்மா கேட்கிறாள். இன்றைக்குச் சாப்பிட்டாயா?

சிவா அண்ணன்: யா கோமீ. சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள் அப்பா. அந்தப் படம் எடுத்த அன்றைக்கே மாமியார் நேரில் வந்து, முன்னால் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டார்.

மாலா அத்தை: அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்

சிவா அண்ணன்: ஆயா படம் யாராவது அனுப்புங்கள். மாலை போடாத படம்.

பிரவீன்: ஆதார் கார்டுக்கு எடுத்தது இருக்கிறது

மாலா அத்தை: வேண்டாம், அதில் முறைத்துக்கொண்டு இருப்பார். அம்மிக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற படம் இருந்ததே. யார் எடுத்தது?

ரேவதி சித்தி: குமார் பழைய போனில்

குமார் சித்தப்பா: அந்த போன் டிஸ்ப்ளே போய்விட்டது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு பையன் சரிசெய்வான். நாளைக்குப் போனால் கேட்கிறேன்.

பெரியப்பா: இலை 180 சொல்லிவிட்டேன். குமார், போன் மறக்காதே.