கிராமர் வராத பிள்ளைகள் இல்லை, பேச இடம் கிடைக்காத பிள்ளைகள்

கும்பகோணத்துக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே ஒரு ஊரில் சாயங்கால நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். "இந்தப் பசங்களுக்கு கிராமர் ஏறாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணுமே எழுத்துத்தேர்வுதான், அப்படியிருக்க பிள்ளை எதற்கு வாயைத் திறக்கும்? பாராவை மனப்பாடம் செய்து கரையேறிவிடுகிறது.

தமிழ் மீடியத்தில் நல்ல மார்க் வாங்கி பி.எஸ்சி. சேர்ந்த ஒரு பெண் வந்தாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள். சார் போர்டில் எழுதினால் புரிகிறது, வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை, சந்தேகம் கேட்கலாமென்றால் கேள்வியை எப்படித் தொடங்குவது என்பதிலேயே நின்றுவிடுகிறேன் என்று அழுதாள். நியாயம்தானே! நமக்கு "வந்தான்" என்பதோடு ஒரு ஆ சேர்த்தால் கேள்வி முடிந்தது. அங்கே டிட் முன்னால் வரணும், கேம் என்பது கம் ஆகணும். "டிட் நாட் கேம்" என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நேற்று நடந்ததென்று காட்டத்தான் கேம் போடுகிறார்கள், அது யோசித்துச் செய்கிற தவறு.

பெற்றோரிடம் ராமானுஜனைப் பற்றிச் சொல்வேன். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து, ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார். அந்தத் தாளை வைத்து மூளையை அளக்க முடியுமா?

சரி, அந்தப் பெண்ணிடம் புத்தகத்தை மூடச்சொல்லிவிட்டு குறுவையைப் பற்றிக் கேட்டேன். அப்பா எப்போது நாற்று விடுவார், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் உங்கள் வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும், வராவிட்டால் என்ன செய்வீர்கள். விஷயம் கைவசம் இருந்ததால் "வாட்டர் நாட் கம்" என்றாவது ஆரம்பித்தாள். நடுவில் திருத்தவே இல்லை. பேசி முடித்த பிறகு ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்து, அதையே வேறு வேறு வாக்கியத்தில் சொல்லவைத்தேன். கொஞ்ச நாளில் வகுப்பில் எழுந்து நின்று சந்தேகம் கேட்டிருக்கிறாள், ஓடிவந்து சொன்னாள்.

உச்சரிப்புதான் இன்னும் இழுக்கிறது. ஃபேனும் பேனும் ஒன்றாகிவிடுகிறது, ஸ்டேஷன் இஸ்டேஷன் ஆகிறது. இதற்கு நல்ல பயிற்சி வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், அப்படியே என் பிள்ளைகளிடம் செய்து பார்க்கிறேன்.