லேப்ரடாருக்கு ட்ரை ஃபுட் மாற்றியதிலிருந்து லூஸ் மோஷன், கூடவே மலத்தில் சளி. சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

கேட்டவர்:
ஆண் லேப், 2 வயது, 28 கிலோ. பழைய ட்ரை ஃபுட் கிடைக்கவில்லை என்று நேற்று முன்தினம் ஒரேயடியாக வேறு பிராண்டுக்கு மாற்றினோம். காலையில் எப்போதும் போல் பால் சாதம். இப்போது நாளைக்கு 5, 6 தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, கடைசியில் சளி. வாந்தி, ரத்தம் இல்லை. தண்ணீர் குடிக்கிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது. தடுப்பூசி, பூச்சி மருந்து தேதிப்படி போட்டாச்சு. வீட்டில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பராமைடு இருக்கிறது, பாதி மாத்திரை கொடுக்கலாமா?

வால்நிமிர்:
மாத்திரை வேண்டாங்க. கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் குறையால் அது மூளைக்குள் புகுந்துவிடும். லேபுக்கு அந்த ஆபத்து குறைவுதான். ஆனால் தொற்று இருந்தால் குடலை நிறுத்தி வைப்பது கிருமியை உள்ளேயே பூட்டி வைப்பதுதான்.

அடிக்கடி, கொஞ்சமாக, சளியோடு என்றால் பெருங்குடல் தொல்லை. திடீர் தீவன மாற்றத்தில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். குடல் பாக்டீரியா புது உணவுக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். பாலை இன்றே நிறுத்துங்கள். இதுவரை ஒத்துக்கொண்டிருக்கலாம். குடல் புண்பட்டிருக்கும்போது லாக்டோஸைச் செரிக்கும் நொதி இன்னும் குறையும், செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்.

3 நாளைக்கு இது மட்டும்: தோல், எலும்பு நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 200 கிராம், குழைய வடித்த பச்சரிசிச் சாதம் 400 கிராம். இரண்டும் வெந்தபின் எடை, ஒரு நாள் அளவு. நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு கூடாது. ஒவ்வொரு வேளையும் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 1 டேபிள்ஸ்பூன். பட்டினி போடத் தேவையில்லை. இதில் கால்சியம் போதாது, அதனால் வாரக்கணக்கில் தொடராதீர்கள். பிஸ்கெட், மெல்லும் எலும்பு எல்லாவற்றுக்கும் லீவு.

பரங்கிக்கொடி:
48 மணி நேரத்தில் தேறவில்லை என்றால் புது மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு வெட்டிடம் (கால்நடை மருத்துவர்) போங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி விட்டு விட்டுத்தான் வெளியே வரும், ஒரே சாம்பிளில் தப்பிவிடும். வெவ்வேறு நாளில் 3 சாம்பிள் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம், தார் போல் கறுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு காய்ந்து ஒட்டுவது: இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. குட்டியாக இருந்திருந்தால் இன்றைக்கே போகச் சொல்லியிருப்பேன், பார்வோ வைரஸ் பயம்.

மீசைக்காரி:
இடையில் ஒரு சந்தேகம். 4 கிலோ பூனைக்கும் இதே கோழி சாதமா?

வால்நிமிர்:
பூனைக்குச் சாதம் வேண்டாம், அது முழு மாமிசப் பிராணி. உப்பில்லாமல் வேகவைத்த கோழி மட்டும், அதுவும் 2 நாளைக்கு மேல் வேண்டாம். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து போதாமல் போகும். பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே வெட். அப்படியே விட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், குண்டுப் பூனைக்கு இது உயிராபத்து.

கேட்டவர்:
நன்றிங்க. மலம் கெட்டியானதும் புது ட்ரை ஃபுட்டை எப்படித் தொடங்குவது?

வால்நிமிர்:
இரண்டு நாள் கெட்டியாகப் போன பிறகு தொடங்குங்கள். முதல் 2 நாள் கால் பங்கு ட்ரை ஃபுட், முக்கால் பங்கு கோழி சாதம். அடுத்த 2 நாள் பாதிக்குப் பாதி. பிறகு 2 நாள் முக்கால், ஏழாம் நாள் முழுசு. நடுவில் இளகினால் முந்தைய அளவுக்கே இறங்கி இன்னும் 2 நாள் அதையே கொடுங்கள். பாக்கெட்டில் போட்ட அளவை கிச்சன் தராசில் நிறுத்துப் போடுங்கள், கப் கணக்கு ஏமாற்றும். அளவு மீறினாலும் லேபுக்கு இளகும்.